நாலு தடவை பார்த்தவர் யார்?

ஆடித் தள்ளுபடி முடிந்ததும் வேலூர் ஜவுளிக்கடை முதலாளிகளின் மேசைக்கு ஒரு கத்தைக் காகிதம் வந்து சேரும். லோக்கல் கேபிள்காரர் ஒரு கணக்குக் கொடுப்பார், எஃப்எம்காரர் ஒன்று, ஹோர்டிங் வைத்தவர் ஒன்று, ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பார்த்துக்கொள்ளும் பையன் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் விளம்பரத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை மாவட்டத்து ஜனத்தொகையையே முழுங்கிவிடும். 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூர் மாவட்டத்தில் இருந்தவர்கள் 39,36,331 பேர். அது ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்திருந்த காலம். 2019ல் மூன்றாகப் பிரித்த பிறகு இன்றைய வேலூர் மாவட்டத்தின் பங்கு அதில் பாதிகூடத் தேறாது.

"இத்தினி லட்சம் பேர் பாத்துக்கீறாங்கன்னா, அதுல நூத்துல ஒருத்தன் வந்திருந்தாலே கடை தாங்காதேபா" என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சில கடைகளுக்கும் ஒன்றிரண்டு கல்லூரிகளுக்கும் விளம்பரத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால், இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

அந்தக் காகிதங்களில் இருப்பது பார்வைக் கணக்கு. முதலாளி கேட்பது தலைக்கணக்கு. கல்யாண வீட்டில் சமையல்காரர் எத்தனை இலை போட்டோம் என்று சொல்வார். அதை வைத்து எத்தனை பேர் வந்தார்கள் என்று பெண் வீட்டார் முடிவு கட்ட முடியாது. காலை டிபனுக்கு உட்கார்ந்தவரேதான் முகூர்த்தச் சாப்பாட்டுக்கும் உட்கார்ந்திருப்பார். விளம்பரத்தில் இலைக்கணக்குக்கு இம்ப்ரெஷன் என்று பேர். குறைந்தது ஒரு தடவையாவது பார்த்த தலைகளின் எண்ணிக்கை ரீச். அப்படிப் பார்த்தவர் சராசரியாக எத்தனை தடவை பார்த்தார் என்பது ஃப்ரீக்வென்ஸி. ரீச்சையும் ஃப்ரீக்வென்ஸியையும் பெருக்கினால் இம்ப்ரெஷன் வந்துவிடும். ஆனால் இம்ப்ரெஷனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கண்டுபிடிக்க வழியே கிடையாது. 6,000 இம்ப்ரெஷன் என்றால் ஆறாயிரம் பேர் ஆளுக்கு ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஆயிரம் பேர் ஆறு தடவையும் பார்த்திருக்கலாம். காசு வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்று. காசு கொடுக்கிறவருக்கு?

டிவி விளம்பரத்தில் இதையே சதவீதமாக மாற்றி ஜிஆர்பி என்பார்கள். ஊரில் 40 சதவீதம் பேரை ஐந்து தடவை தொட்டால் 200 ஜிஆர்பி. 80 சதவீதம் பேரை இரண்டரைத் தடவை தொட்டாலும் 200. 10 சதவீதம் பேரை இருபது தடவை குடைந்தாலும் அதே 200தான். பெரிய பெரிய கம்பெனிகளே இந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் பேரம் பேசுகின்றன. பேரத்துக்கு அது போதும், திட்டத்துக்குப் போதாது.

வேலூர் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கத் தோதான ஊர். சிஎம்சி வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஐடா ஸ்கடர் 1900ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி. இன்று அதன் முன்னால் போகிற கூட்டத்தில் பாதிப் பேச்சு வங்காளியிலும் இந்தியிலும்தான் காதில் விழும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லாட்ஜில் அறை எடுத்து, டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறிவிடுகிறவர்கள். சுற்றுத் தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு வைக்காத மெஸ் அபூர்வம். அந்த இடத்தில் பட்டுப்புடவைக்கு ஒரு ஹோர்டிங் வைத்தால் மாதத்துக்கு எத்தனை தலை பார்க்கும்? எக்கச்சக்கம். ரீச் கணக்கு வானத்தைத் தொடும். ஆனால் அந்தத் தலைகள் மாறிக்கொண்டே இருக்கும், அதில் பெரும்பகுதிக்கு ஆடித் தள்ளுபடியைப் பற்றிக் கவலை கிடையாது. போர்டைப் படிக்கவும் தெரியாது. மருந்துக்கடைக்கும், ரூம் வாடகைக்கும், சிம் கார்டுக்கும் அது தங்கமான இடம். புடவைக்கு, என்னைக் கேட்டால், தண்டம்.

அங்கிருந்தே பாகாயம் - காட்பாடி டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். காலை எட்டரை மணி பஸ்ஸில் தினமும் அதே முகங்கள்தான். பள்ளிக்கூட டீச்சர், பேங்க் ஊழியர், கலெக்டர் ஆபீஸ் போக வழியில் இறங்கி மாறுகிறவர், விருதம்பட்டில் இறங்கும் டெய்லர். பஸ்ஸுக்குள் ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கும் விளம்பரத்தை இவர்கள் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று 26 வேலை நாளில் 52 தடவை பார்க்க வாய்ப்பு உண்டு. அதே பஸ்ஸே அமையாது, பாதி நாள் உட்கார இடம் கிடைக்காது என்று கழித்தாலும் பத்துப் பதினைந்து தடவைக்குக் குறையாது. ரீச் சின்னது, ஃப்ரீக்வென்ஸி கண்ணைக் குத்தும் அளவு.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மூன்றாவது ரகம். வைகாசி முதல் நாள் ஒரே பொழுதில் சுற்று வட்டாரமே அங்கே கூடும். ஆந்திரா பக்கத்திலிருந்தும் வருவார்கள். அன்றைக்கு வைக்கிற பேனரை அவ்வளவு ஜனமும் கடந்து போகும், ஆளுக்கு ஒரு தடவை, அதுவும் நெரிசலில் செருப்பு தொலைந்துவிடுமோ என்ற கவலையோடு. மறுநாள் அந்தப் பேனருக்குப் பார்வையாளரே கிடையாது.

நான்காவதாக ஒன்று உண்டு. அதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது, தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்: முதலாளி ரூட். முதலாளி வீட்டிலிருந்து கடைக்கு வருகிற வழியில் இரண்டு ஹோர்டிங், அவர் மாமனார் வீட்டுத் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ். முதலாளிக்கு ஊர் முழுக்க நம் விளம்பரம்தான் என்று தோன்றும். பில்லும் சீக்கிரம் பாஸ் ஆகும். இதைச் செய்யாத ஏஜென்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, ரீச்சும் ஃப்ரீக்வென்ஸியும் தனித்தனியாக வாங்கியாகிவிட்டது, இனிமேல் தொல்லை இல்லை என்று நினைக்கும் இடத்தில்தான் பெரிய தொல்லை ஆரம்பிக்கிறது. அது சராசரி.

டிஜிட்டல் பையன் கொண்டுவரும் ரிப்போர்ட்டில் 'ஃப்ரீக்வென்ஸி 4.0' என்று இருக்கும். படிக்கிறவர் மனதில் உடனே ஒரு படம் வரும்: ஒவ்வொருவரும் நாலு தடவை பார்த்திருக்கிறார்கள், நல்லது. கணக்குக்காக ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 500 பேர் ஒரே ஒரு தடவை பார்த்தார்கள். 200 பேர் இரண்டு தடவை. 150 பேர் நாலு தடவை. 100 பேர் பத்துத் தடவை. மீதி 50 பேர், எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவர்கள், ஆளுக்கு முப்பது தடவை. கூட்டிப் பாருங்கள்: 500, 400, 600, 1,000, 1,500. மொத்தம் 4,000. ஆயிரம் பேருக்கு வகுத்தால் சராசரி சரியாக நாலு. ஆனால் நாலு தடவை பார்த்தவர் வெறும் 150 பேர். எழுநூறு பேர் ஒன்று அல்லது இரண்டோடு நின்றுவிட்டார்கள். கடைசி 150 பேர் மட்டும் நாலாயிரத்தில் 2,500 பார்வையை, அதாவது கொடுத்த காசில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல், தின்றுவிட்டார்கள். இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. இந்தச் சாய்வு மட்டும் எங்கேயும் மாறாது. டிவியானாலும் போனானாலும் ரேடியோவானாலும், நிறையப் பார்க்கிற கொஞ்சம் பேர் மேலேயே விளம்பரம் திரும்பத் திரும்பப் போய் விழும், கொஞ்சமாகப் பார்க்கிற நிறையப் பேரை உரசிவிட்டுப் போகும்.

அதனால்தான் நான் ரிப்போர்ட் கேட்கும்போது சராசரியைக் கேட்பதில்லை. ஒரு தடவை பார்த்தவர் எத்தனை, இரண்டு எத்தனை, மூன்று முதல் ஐந்து எத்தனை, பத்துக்கு மேல் எத்தனை என்று பிரித்துக் கேட்கிறேன். கேட்டால் கிடைக்கும். பல பேர் கேட்பதில்லை, அதனால் கொடுப்பதில்லை. கூடவே, ஏழு நாளில் ஒரு ஆளுக்கு இத்தனை தடவைக்கு மேல் காட்டாதே என்று உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அந்த முப்பது தடவைக்காரர்களை அடக்க அதுதான் வழி. எரிச்சல்பட்டு 'இந்த விளம்பரத்தை மறை' என்று அமுக்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஐம்பது பேரில்தான் இருப்பார்கள்.

எத்தனை தடவை பார்த்தால் போதும்? இந்தக் கேள்விக்கு மூன்று என்று ஒரு பதில் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அதன் ஊற்று ஹெர்பர்ட் க்ரூக்மன் 1972ல் எழுதிய ஒரு கட்டுரை. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இருந்தவர். முதல் தடவை பார்க்கும்போது மனசு 'இது இன்னாது?' என்று கேட்கும். இரண்டாம் தடவை 'இதால எனக்கு இன்னா?' என்று கேட்கும். மூன்றாவதில் இருந்து வருவதெல்லாம் ஞாபகமூட்டல் என்றார். (வேலூர்த் தமிழில் சொன்னது நான்.) அவர் பேசியது மனசுக்குள் நடப்பதை. ஒருவர் முன்னால் விளம்பரம் பத்துத் தடவை ஓடியும், அவர் மனசு அதை முதல் தடவையாகக் கவனிப்பது பதினோராவது தடவையாக இருக்கலாம். தொழிலில் இருந்தவர்கள் அதை உதறிவிட்டு, மூன்று தடவை ஓட்டினால் வேலை முடிந்தது என்று சுருக்கிக்கொண்டார்கள். பின்னால் 1990களில் ஜான் ஃபிலிப் ஜோன்ஸ், எர்வின் எஃப்ரான் போன்றவர்கள் வேறு பக்கம் நின்று பேசினார்கள்: வாங்கப் போகிற நேரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை கண்ணில் பட்டாலும் அது வேலை செய்யும், ஒரே ஆளைப் போட்டுக் குடைவதை விட வாராவாரம் புதிய ஆட்களைத் தொடு என்று.

என் அனுபவத்தில் இரண்டு பேச்சும் அதனதன் இடத்தில் சரி. ஊரறிந்த கடை ஆடித் தள்ளுபடி என்று சொல்வதற்கு மூன்று தடவை எதற்கு? கடையும் தெரியும், ஆடியும் தெரியும், தேதி மட்டும் தெரிய வேண்டும். ஒரு தடவை போதும், ஆனால் சம்பளம் வந்த வாரத்தில் வர வேண்டும். புதிதாக ஆரம்பித்த நர்ஸிங் கல்லூரி என்றால் கதை வேறு. பேரே பழக வேண்டும், அப்பா நம்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் 'அதுவா, கேள்விப்பட்டிருக்கறேன்' என்று சொல்ல வேண்டும். அங்கே ஆறேழு தடவைக்குக் குறைந்து எதுவும் அசையாது.

அடுத்த சிக்கல், ஒன்றுக்கு மேல் ஊடகம் போட்டால் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. கேபிள் விளம்பரம் ஊரில் 40 சதவீதம் பேரைத் தொடுகிறது, பேப்பர் விளம்பரம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டி 70 என்பது கேபிள்காரரும் பேப்பர்காரரும் சேர்ந்து சிரிக்கிற கணக்கு. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் பார்த்தவர் 12 சதவீதம். அதைக் கழித்தால் மொத்த ரீச் 58. புத்தகத்தில் இருக்கிற சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் வேலூர் மாதிரி ஊரில் சம்பந்தம் இல்லாமல் இருக்குமா? தினமும் பேப்பர் வாங்கும் ரிட்டயர்டு குடும்பத்தில்தான் சாயங்காலம் லோக்கல் சேனலும் ஓடும். இரண்டுக்கும் பொதுவானவர் 20 சதவீதம் என்றால் ரீச் 50க்கு இறங்கிவிடும். அந்த 20 சதவீதம் பேருக்கு ஃப்ரீக்வென்ஸி ஏறிவிடும். வீட்டில் பேப்பரும் இல்லாமல் கேபிளும் இல்லாமல் போனில் மட்டும் வாழ்கிற இருபத்தைந்து வயசுக்காரருக்கு இரண்டுமே போய்ச் சேராது. ஆக, ஊடகத்தைக் கூட்டும்போது ரீச் பெரிதாகவில்லை என்றால், ஏற்கெனவே பார்த்தவரிடமே மறுபடி காசு செலவழிக்கிறோம்.

சாட்டிலைட் டிவிக்கு அளவுகோல் வைத்திருப்பது பார்க் (BARC) என்ற அமைப்பு. 2015 முதல் எண்களை வெளியிடுகிறது. சேனல்காரர்கள் ஒலிக்குள்ளேயே காதுக்குக் கேட்காத ஒரு குறியைக் கலந்து அனுப்புவார்கள், தேர்ந்தெடுத்த வீடுகளில் இருக்கும் மீட்டர் அதைப் பிடித்து எந்த சேனல் என்று தெரிந்துகொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதை அவரவர் பட்டனை அமுக்கிச் சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகள். தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு மார்க்கெட்டாக ரிப்போர்ட் வரும். மாநிலத்துக்கு அது நல்ல கணக்கு. அதை வைத்துக்கொண்டு "சத்துவாச்சாரியில் இத்தனை பேர் பார்த்தார்கள்" என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எஃப்எம்முக்கு மீட்டரோ டைரியோ வைத்து அளந்ததெல்லாம் டெல்லி, மும்பை மாதிரிப் பெருநகரங்களில்தான். நம் ஊர் அந்த வரைபடத்தில் இல்லை.

பேப்பரில் விற்கிற பிரதிகளை எண்ணிச் சான்று கொடுக்க ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ் 1948 முதல் இருக்கிறது. பிரதி வேறு, வாசகர் வேறு. ஒரு சலூனுக்கு வருகிற ஒரே பேப்பர் மதியத்துக்குள் எத்தனை கை மாறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கை மாறலில் கடைசிப் பக்கம் தனியாகப் போய்விடும், நடுப்பக்கம் பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றப் போய்விடும் என்பதும் உண்டு.

'பார்த்தார்' என்பதற்கே ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் அர்த்தம் என்பது இன்னொரு கூத்து. டிவி ரீச்சில் கணக்கு வர ஒரு நிமிடமாவது பார்த்திருக்க வேண்டும். இணையத்தில் ஒரு படவிளம்பரத்தின் பாதிப் பரப்பு ஒரு வினாடி திரையில் இருந்தால் 'பார்க்கத்தக்கது' என்று அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014ல் வரையறுத்தது. வீடியோவுக்கு இரண்டு வினாடி. ஹோர்டிங்கில் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் போதும். அந்த ரோட்டில் போன வண்டிகளை எண்ணி, வண்டிக்கு இத்தனை பேர் என்று பெருக்கி வருவது அந்தக் கணக்கு. கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்கு நிற்கிறவரும், சென்னையிலிருந்து பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறவரும் அதில் ஒன்று. ஒரு நிமிடத்தையும் ஒரு வினாடியையும் ஒரு கழுத்துத் திருப்பலையும் ஒரே காகிதத்தில் கூட்டி வைத்தால் வருகிற எண்ணுக்கு என்ன மரியாதை?

அப்புறம், எதால் வகுக்கிறோம் என்பது. போனில் விளம்பரம் போடும்போது வேலூரை மையமாக வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போடுவது வழக்கம். வட்டத்துக்கு மாநில எல்லை தெரியாது. சித்தூரும் உள்ளே வந்துவிடும். அது சில கடைகளுக்கு நல்லதுதான், சித்தூர்க்காரர்கள் கல்யாண ஜவுளிக்கு இங்கே வருகிறவர்கள். ஆனால் தமிழ் விளம்பரம் மட்டும் போட்டால் பாதி வீண். வட்டத்துக்குள் வசிக்கிறவரோடு அண்மையில் வந்து போனவரும் சேருவார். அதாவது, சிஎம்சிக்கு வந்துவிட்டுக் கொல்கத்தா திரும்பியவரும், செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போய்விட்ட விஐடி மாணவரும் நம் ரீச்சில் இருக்கலாம். ஒருவரிடம் இரண்டு கணக்கு இருந்தால் இரண்டு தலை. இது வேலூருக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது. 2017ல் அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்காரர்கள் 4.1 கோடிப் பேரைச் சென்றடையலாம் என்று ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவி காட்டியது. அந்த நாட்டு ஜனக்கணக்குப்படி அந்த வயதில் இருந்தவர்களே சுமார் 3.1 கோடிதான். நமக்கோ 2021ல் வர வேண்டிய கணக்கெடுப்பே தள்ளிப் போய்விட்டதால், சோதித்துப் பார்க்க 2011 எண்ணை வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவு ஓட்டை இருந்தால் அளப்பதையே விட்டுவிடலாமா என்றால், கூடாது. நேரே கேட்டுப் பார்க்கும் பழைய வழி இருக்கிறது. பில் போடும் இடத்தில் "எங்க பாத்துட்டு வந்தீங்க?" என்று கேட்கும் பழக்கம் எல்லாக் கடையிலும் உண்டு. அது மட்டும் போதாது. டிவியில் விளம்பரமே போடாத சீசனில்கூட "டிவில பாத்தேன்" என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்வதில்லை, பெரிய கடை என்றால் டிவியில்தான் பார்த்திருப்போம் என்று மனசு தானாக நிரப்பிக்கொள்கிறது. தவிர, கடைக்கு வந்தவரிடம் மட்டும் கேட்டால் வராதவர் பார்த்தாரா என்பது தெரியாமலே போய்விடும்.

அதனால் நான் கடைக்கு வெளியே கேட்கச் சொல்வேன். பழைய பஸ் ஸ்டாண்டு, நேதாஜி மார்க்கெட், காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டு என்று பல இடங்களில் பிரித்து, 200 பேர். கேள்விகள் சாதாரணம்: வீடு எங்கே, போன வாரம் எந்த வழியில் எத்தனை நாள் போனீர்கள், பேப்பர் படித்தீர்களா, இந்த மூன்று விளம்பரப் படத்தில் எதைப் பார்த்த ஞாபகம். மூன்றில் ஒன்று எங்குமே வெளியிடாத போலிப் படம். அதையும் 'பார்த்தேன்' என்கிறவர்கள் எத்தனை சதவீதமோ, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எண்களைப் படிக்க வேண்டும். 200 பேரை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் வருகிற சதவீதத்தில் ஏழு புள்ளி இப்படியோ அப்படியோ பிசகலாம். ஜவுளிக்கடைக்கு அந்தத் துல்லியம் தாராளம். நமக்குத் தெரிய வேண்டியது ரீச் 20 சதவீதமா 60 சதவீதமா என்பது. 43ஆ 46ஆ என்பது இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடித்துப்போன ஊடகம், சொன்னால் டிஜிட்டல் பையன்கள் சிரிப்பார்கள், மைக் கட்டிய ஆட்டோ. எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் போனது என்று டிரைவர் போனிலேயே வழித்தடம் பதிவாகிவிடும். ஒரு தெருவுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் விட்டு இன்னொரு தடவை என்று ஃப்ரீக்வென்ஸியை நாமே தீர்மானிக்கலாம். ஏற்கெனவே ஹோர்டிங் பார்க்கிற அண்ணா சாலைப் பக்கத்தை விட்டுவிட்டு, எதுவுமே எட்டாத பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் அனுப்பலாம். டிரைவர்கள் டீக்கடை முன்னால் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திப் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பதும் வழித்தடத்தில் தெரியும். அதை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன்.

வரப்போகிற தீபாவளிக்கு ஒரு கடைக்குப் போட்ட திட்டத்தில் சிஎம்சி பக்கத்து ஹோர்டிங்கை எடுத்துவிட்டேன். அந்தப் பணத்தில் பாதி குடியாத்தம் ரோட்டு ஆட்டோக்களுக்கு, மீதி சித்தூர்ப் பக்கத்துக்குத் தெலுங்கில் ஒரு வீடியோ, வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு தடவை என்ற வரம்போடு. கேபிள்காரரிடம் எந்தெந்த நேரத்தில் ஓடியது என்ற பதிவு கேட்டிருக்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரே படத்துக்கு நடுவில் எட்டுத் தடவை ஓட்டிவிட்டு நாள் முழுக்க ஓட்டியதாகக் கணக்குக் காட்டும் வேலை இனி நடக்காது. மாமனார் வீட்டுத் தெருமுனை ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லி மட்டும் கேட்கவில்லை.